கருவேலங்காட்டுக்கு விளக்கு

ஜனவரி 26, வியாழன்

பேத்தி பிரதீபா பாதி எழுதாத அறிவியல் நோட்டைப் பழைய பேப்பர்காரனுக்குப் போட இருந்தாள். நான் வாங்கிக்கொண்டேன். இன்று பேசினதை நாளைக்கே இல்லை என்று சொல்லுகிற ஊர் இது. அதற்குத் தேதி போட்டு எழுதி வைக்க வேண்டும்.

இன்று கிராம சபை. கொடி ஏற்றி மிட்டாய் கொடுத்த பிறகு ஊராட்சி ஆபீஸ் முன்னால் பந்தலில் உட்கார வைத்தார்கள். வருடச் செலவை பிளக்ஸில் அச்சடித்துக் கட்டியிருந்தார்கள். நான் அஞ்சாவதோடு நின்றவள். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். தெருவிளக்கு என்ற வரிக்கு நேரே இருந்த தொகைதான் எல்லாவற்றிலும் பெரிசு. குடிநீர் அதில் பாதி. மகளிர் கழிப்பறைக்கு நேரே ஒரு கோடு. வெறும் கோடு.

"இந்தக் கோடு என்னாங்கய்யா?" என்று எழுந்து கேட்டேன்.

கிளார்க் பால்சாமி மைக்கைப் பொத்திக்கொண்டு, "அதுல செலவு இல்லத்தா. செலவு இல்லைன்னா கோடு போடுறதுதான் முறை" என்றான்.

"செலவு இல்லைங்கிறது தெரியிது. ஏன் இல்லைன்னு கேக்குறேன். தண்ணி மோட்டார் கருகி, கக்கூஸ் வளாகத்தப் பூட்டி ரெண்டு வருசமாச்சு. கீழத்தெருவுல ஒரு வீட்டுக்காவது கொல்லை இருக்கா? செவத்தோட செவரு ஒட்டிக் கெடக்கு. பொம்பளைக எங்க போவோம்?"

பதில் சொல்ல வேண்டியவள் தலைவர் தமயந்தி. நடு நாற்காலியில் பட்டுச் சேலையோடு உட்கார்ந்திருந்தாள். எழுந்தவன் அவள் புருஷன் கதிரேசன். பெண்களுக்கு ஒதுக்கிய சீட்டு என்று அவளை நிறுத்தினான். ஜெயித்த நாளிலிருந்து நாற்காலி அவளுக்கு, வாய் அவனுக்கு.

"அத்தை, ஒங்களுக்காகத்தான் பெரிய வேலையா ஒண்ணு வச்சிருக்கோம். கீழத்தெருவுக்குப் பின்னாடி கருவேலங்காட்டுப் பாதை பூராம் லைட்டு. பெண்கள் பாதுகாப்பு!"

ஆம்பளைகள் கை தட்டினார்கள்.

அவன் என் வீட்டுக்காரருடைய அக்கா மகன். அதனால் அத்தை. என் வீட்டுக்காரர் இறந்த அன்று வந்தவன், உடலைத் தூக்கும் முன்னே கட்சிக் கூட்டம் இருக்கிறது என்று கிளம்பிப் போனான். அவன் வண்டியை உதைத்துக் கிளப்பின சத்தம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. இப்போது அத்தை என்கிறான்.

ஜனவரி 28, சனி

மிளகாய்ப் பழம் பறிக்கப் போனோம். விரல் எரிகிறது. பேனா பிடிக்க முடியவில்லை, இருந்தாலும் எழுதுகிறேன்.

பக்கத்து நிரையில் பறித்த இருளாயி, "எல்லாத் தலைவரும் ஒரே மாதிரிதான் மதினி" என்றாள். இருளாயி எனக்கு அடுத்த வீட்டுக்காரி. எதையும் மொத்தமாகச் சொல்லி முடித்துவிடுவாள். எனக்கு அது பிடிக்காது. யார் எதில் பணத்தைப் போட்டான் என்று பார்த்தால் ஆள் யார் என்று தெரிந்துவிடும்.

பெரியகருப்பன் தலைவராக இருந்தபோது எல்லாம் கிணறு. வெட்டினார், தூர் வாரினார், சுவர் எழுப்பினார். விளக்கு என்று கோயில் முன்னால் ஒன்று மினுங்கும். எல்லாக் கிணறும் அவர் வயலுக்குப் பக்கத்திலேயே வாய்த்தது, அது வேறு கதை. ஆனால் தண்ணீர் இருந்தது.

அடுத்து ராமுத்தாய். ஊரின் முதல் பெண் தலைவர். என் மகன் கல்யாணத்தில் மொய் எழுதிவிட்டு, கை நனைக்காமல் போனவள். அவளோடு எனக்கு இன்றுவரை பேச்சு கிடையாது. ஆனாலும் உள்ளதைச் சொல்ல வேண்டும். மகளிர் வளாகம் அவள் கட்டியது. வரிசையாகக் கக்கூஸ், குளிக்க அறை, துவைக்கக் கல், தொட்டி நிறையத் தண்ணீர். கழுவிவிட மாதச் சம்பளத்துக்கு ஆள். காலையில் அவளே வந்து மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டுப் போவாள்.

அடுத்தவன் கோவிந்தன். எல்லாம் சிமெண்டு ரோடு. ரோடு போட்டால் ஓரத்தில் பெயர் வெட்டிக் கல் நடலாம். கக்கூஸ் கழுவினால் பெயரை எங்கே வெட்டுவது? கழுவுகிற ஆளை நிறுத்தினான். பிறகு எலெக்சன் இல்லாமல் ஆபீசர்கள் பார்த்த வருடங்கள். அவர்கள் புதிதாகக் கட்டவும் இல்லை, உடைந்ததை ஒட்டவும் இல்லை.

இப்போது இவர்கள். எல்லாம் விளக்கு. பஸ் நிற்கிற இடத்தில் ஒரே கம்பத்தில் கொத்தாக விளக்கு. பல்லி கூட அங்கே கண்ணை மூடிக்கொண்டுதான் போகும். விளக்கு எரிவது அடுத்த ஊர்க்காரனுக்கும் தெரியும். கக்கூஸில் தண்ணீர் வருவது உள்ளே போகிறவளுக்கு மட்டும்தான் தெரியும். பணம் எந்தப் பக்கம் போகும்?

பிப்ரவரி 3, வெள்ளி

கம்பம் நட்டார்கள். குழி தோண்டியவர்களுக்கு மோர் கொடுத்தேன். அவர்கள் கூலிக்காரர்கள், அவர்கள் மேல் எனக்கென்ன.

பிப்ரவரி 6, திங்கள்

விளக்குத் திறப்பு விழா. ரேடியோ செட்டு, மாலை, சால்வை. ஏழு மணிக்கு என்று தண்டோரா போட்டிருந்தார்கள்.

கீழத்தெருப் பெண்களுக்கு இருட்டுகிற நேரம்தான் நேரம். வெள்ளென ஒரு தடவை, இருட்டியதும் ஒரு தடவை. நடுவில் எது வந்தாலும் பல்லைக் கடித்துக்கொள்ள வேண்டியதுதான். ஏழு மணிக்குள் போய்வந்துவிடலாம் என்று நினைத்தவர்கள் காட்டுக்குள் போயிருந்தார்கள். யாரோ நல்ல நேரம் முடிகிறது என்று சொல்ல, கதிரேசன் முன்னாலேயே சுவிட்சைப் போட்டுவிட்டான்.

காடு பட்டப்பகலாகிவிட்டது. உள்ளே நான்கு பெண்கள் விருட்டென்று எழுந்து நின்றார்கள். யார் யார் என்று எழுத மாட்டேன். கூட்டத்தில் ஒருத்தன் விசிலடித்தான்.

கதிரேசன் மைக்கிலேயே, "பாத்தீங்களா? இனிமே பாம்புக்கும் பயமில்ல, பேய்க்கும் பயமில்ல!" என்றான். பந்தல் குலுங்கச் சிரித்தார்கள்.

தமயந்தி சிரிக்கவில்லை. கழுத்தில் கிடந்த மாலையைக் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றாள். முள்ளுக்கு நடுவிலிருந்து அவள் முகம் தெளிவாகத் தெரிந்தது.

பிப்ரவரி 7, செவ்வாய்

சோறு இறங்கவில்லை.

பிப்ரவரி 8, புதன்

ஆட்டுக்குக் கயிறு வாங்கினேன். மிச்சக் கயிற்றில் கவண் ஒன்று பின்னினேன். சின்ன வயதில் கம்மங்கொல்லையில் பரண் மேல் நின்று, கவணில் கல் வைத்துச் சுழற்றிக் கிளி விரட்டியவள் நான். கிளியின் மேல் படாது, அது உட்கார்ந்திருக்கும் கதிரின் மேலும் படாது, நடுவில் போகும். சும்மா, பழக்கம் விட்டுப் போகக் கூடாது என்றுதான் பின்னினேன்.

பிப்ரவரி 10, வெள்ளி

மூன்றாவது கம்பத்து விளக்கு எரியவில்லை. இப்போதெல்லாம் சரக்கு அவ்வளவுதான். வலது தோளில் பிடிப்பு. எண்ணெய் தேய்த்துக்கொண்டேன்.

பிப்ரவரி 16, வியாழன்

ஏணி வண்டி கொண்டுவந்து புது விளக்கு மாட்டினார்கள்.

பிப்ரவரி 17, வெள்ளி

அதுவும் போய்விட்டது. அடுத்த கம்பமும்.

இருளாயி குழம்பு கேட்கிற சாக்கில் வந்தாள். என் தோளையே பார்த்தாள். "மதினி, நல்லெண்ணெய் வேணாம். வேப்பெண்ணெய் தேய்ங்க" என்றாள். பிறகு, "எனக்கும் ஒண்ணு பின்னித் தாங்களேன்" என்றாள்.

அவளுக்கு ஆடு எதுவும் கிடையாது. பின்னிக் கொடுத்தேன்.

பிப்ரவரி 24, வெள்ளி

ரேசனில் பருப்பு இல்லை. பாமாயில் மட்டும்.

பிரதீபாவின் திமிர் நாளுக்கு நாள் கூடுகிறது. பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிடும் தண்ணீர் பாட்டில் அப்படியே திரும்பி வருகிறது. கேட்டால், "தாகம் இல்ல அப்பத்தா" என்கிறாள். மாசி வெயிலில் மிளகாய்க் காட்டில் நிற்கிற எனக்குத் தாகம், இவளுக்கு இல்லையாம். ராத்திரிச் சாப்பாட்டோடு ஒரு மடக்கு, அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் கக்கூஸ் இருக்கிறதாம், கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லையாம். ஒன்பதாவது படிக்கிறவளுக்கு இத்தனை பிடிவாதம் ஆகாது.

யாரைப் போல என்று கேட்டால் எல்லோரும் என்னைக் காட்டுவார்கள்.

மார்ச் 9, வியாழன்

தெருவில் உட்கார்ந்து புளி உடைத்துக்கொண்டிருந்தோம். ஏழெட்டுப் பேர் வட்டமாக. கதிரேசன் வண்டியில் வந்து நின்றான். ஆறாவது தடவையாக விளக்கு மாட்டிய ஆத்திரம்.

"எவன்டா அவன்? அரசாங்கச் சொத்த ஒடைக்கிறவன்? ஆம்பளையா இருந்தா முன்னால வாடா!"

யாரும் நிமிரவில்லை. சுத்தியல் சத்தம் மட்டும்.

இருளாயி குனிந்தபடியே, "மதினி, ஆம்பளையத்தான் கூப்புடுறாக. நமக்கில்ல. நீங்க புளிய ஒடைங்க" என்றாள்.

வட்டத்தில் எல்லாத் தோளும் குலுங்கின. அவன் போன பிறகுதான் வாய்விட்டுச் சிரித்தோம். இந்த வருடத்தில் இன்றுதான் சிரித்தேன் என்று நினைக்கிறேன். கவண் பின்னக் கயிறு தீர்ந்துவிட்டது.

மார்ச் 22, புதன்

தண்ணீர் தினம் என்று மறுபடி கிராம சபை. காராச்சேவும் டீயும் கொடுத்தார்கள். டீயை நான் தொடவில்லை. கோடு அப்படியேதான் இருந்தது.

முடிந்து வரும்போது ஆபீஸ் சந்தில் தமயந்தி தனியாகப் பிடித்தாள். அவளும் புருஷனைப் போல என்னை அத்தை என்றுதான் கூப்பிடுவாள்.

"அத்தை, ஒரு நிமிசம். மோட்டாருக்கு எஸ்டிமேட் போட வச்சிட்டேன். அந்தக் காச ஒதுக்கி வைக்கச் சொல்லிக் கையெழுத்தும் போட்டாச்சு. சித்திரையில தண்ணி வந்துரும். யாருட்டயும் சொல்லாதீக."

"ஏன், ஒம் புருசனுக்குத் தெரியக் கூடாதாக்கும்?"

அவள் திரும்பி ஆபீஸ் வாசலைப் பார்த்துக்கொண்டாள்.

"சபையில சொல்லு. சந்துல சொன்னா சந்தோட போயிரும்" என்றேன்.

எனக்கு அவள் மேல் நம்பிக்கை இல்லை. பட்டுச் சேலை கட்டி பொம்மை மாதிரி உட்கார்ந்திருப்பவள் வார்த்தைக்கு என்ன பெறுமானம்? தெருவில் யாருக்கும் சொல்லவில்லை. சொல்லி ஆகப் போவது என்ன.

ஏப்ரல் 3, திங்கள்

விளக்கைச் சுற்றிக் கதிரேசன் கம்பிக் கூண்டு மாட்டிவிட்டான். சின்னக் கல் கூண்டில் பட்டுத் திரும்பும் என்று இருளாயி சொன்னாள். பெரிய கல் திரும்பாது.

ஏப்ரல் 6, வியாழன்

பிரதீபாவுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்திருந்தாள். சூடு பிடித்திருக்கிறது என்று வெந்தயம் கொடுத்தேன். இன்று பள்ளிக்கூடத்தில் மயங்கி விழுந்தாள் என்று ஆள் வந்து சொன்னது. ஆட்டோ பிடித்துக் கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன்.

டாக்டர் சின்னப் பெண். "ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிப்ப?" என்று கேட்டாள். பிரதீபா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் எழுத விரும்பவில்லை.

"சிறுநீர்த் தாரையில கிருமி. நாள் பூரா அடக்கி வச்சிருக்கா. அடக்கணும்னே தண்ணி குடிக்காம இருந்திருக்கா. கவனிக்காம விட்டா கிட்னி வரைக்கும் போகும். பாட்டி, வீட்டுல டாய்லெட் இருக்கா?"

"கோடு போட்டிருக்காக" என்றேன்.

டாக்டருக்குப் புரியவில்லை.

ஏப்ரல் 8, சனி

பாட்டில் ஏறுகிறது. ஊசி போடுகிறார்கள். பக்கத்துக் கட்டில்காரி இட்லி கொடுத்தாள். வாங்கிக்கொண்டேன், பெயர் கேட்க மறந்துவிட்டேன்.

"அந்த வெளிச்சத்துல எனக்கு வராது அப்பத்தா" என்றாள் பிரதீபா. "பாதையில போற பயக பாக்குறாங்க. நீங்க பல்ப..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள்.

"என்ன பல்பு?"

"ஒண்ணுமில்ல."

இந்த நோட்டை அவள் படிக்கிறாளோ என்று சந்தேகம். அரிசிப் பானைக்குள் மாற்றி வைக்க வேண்டும்.

ஏப்ரல் 11, செவ்வாய்

வீட்டுக்கு வந்துவிட்டோம். திருப்பூரிலிருந்து மருமகள் ஜெயக்கொடி போன். மகனும் அவளும் அங்கே பனியன் கம்பெனியில் வேலை. பிள்ளை படிக்கட்டும் என்று என்னிடம் விட்டிருக்கிறார்கள்.

"அத்தை, எம் பிள்ளைய ஒங்கள நம்பி விட்டேன்" என்று அழுதாள். அழுது முடித்து, "பரீட்சை முடியட்டும், நான் வந்து கூட்டிட்டுப் போயிர்றேன். இங்க ரூமுல கக்கூஸ் இருக்கு. கம்பெனியில நூல் பிசிறு வெட்டப் பொம்பளப் பிள்ளைகள எடுக்குறாக" என்றாள்.

"படிப்பு?"

"உசுரு இருந்தாத்தான படிப்பு."

போகட்டும். எனக்கென்ன. ஒரு ஆள் சோறு மிச்சம். நல்லதுதான்.

இன்றைக்கு அடுப்புப் பற்ற வைக்கவில்லை. பிரதீபா இருளாயி வீட்டில் சாப்பிட்டாள்.

ஏப்ரல் 17, திங்கள்

கதிரேசன் வீட்டுக்குப் போனேன். வீட்டுக்காரர் இறந்த பிறகு அந்த வாசலை நான் மிதித்ததில்லை. ஆஸ்பத்திரிச் சீட்டை அவன் முன்னால் வைத்தேன்.

"சித்திரை பொறந்துருச்சு. மோட்டார் எங்க?"

"என்ன மோட்டார்?" என்றான்.

தமயந்தி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். வாங்கவில்லை. "ஒம் பொண்டாட்டியக் கேளு" என்றேன்.

அவன் அவளைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்தாள். "அத்தை, காசு இருந்தா பண்ண மாட்டமா? லைட்டுக்கே கட்டுபடியாகல. நீங்க பிள்ளைய நல்லபடியா வளக்காம எங்களக் கொறை சொன்னா எப்படி?" என்றான்.

நான் பேசிய எல்லாவற்றையும் எழுத நோட்டில் இடம் இல்லை. மண்ணை வாரித் தூற்றவில்லை, அது ஒன்றுதான் பாக்கி. வெளியே வரும்போது நடை இடறியது. தமயந்தி கையைப் பிடிக்க வந்தாள். தட்டிவிட்டேன்.

ஏப்ரல் 18, செவ்வாய்

பெரிய கல் திரும்பவில்லை. எட்டுக் கம்பமும் இருட்டு.

மே 1, திங்கள்

கீழத்தெருவே திரண்டு கிராம சபைக்குப் போனோம். பரீட்சை முடிந்துவிட்டது, பிரதீபாவும் வந்தாள். ஒன்றியத்திலிருந்து ஒரு ஆபீசர் வந்து ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். புது பிளக்ஸ் கட்டியிருந்தார்கள், போன வருடத்தையும் இந்த வருடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு. தெருவிளக்கு வரி முன்னைக்கு இப்போது இரண்டு மடங்கு.

"பாருங்க! வெளக்குக்கே எல்லாம் தின்னுட்டாங்க!" என்று நான்தான் முதலில் சத்தம் போட்டேன். என் பின்னால் எல்லோரும் போட்டார்கள்.

பால்சாமி மைக்கில் படித்தான். எப்போதும் மந்திரம் மாதிரி ஓட்டுவான். இன்று சத்தத்துக்குப் பயந்து நிறுத்தி நிறுத்திப் படித்தான். கீழத்தெருக் காட்டுப் பாதை, உடைந்த விளக்கு மாற்றிய செலவு. ஏணி வண்டி வாடகை. மறுபடி மாற்றியது. மறுபடி வாடகை. கம்பிக் கூண்டு. கூண்டோடு உடைந்தது. மறுபடி. "இதுக்குப் பணம் போதாததுனால, மகளிர் வளாக மோட்டாருக்கு மார்ச்சில ஒதுக்கின தொகை தெருவிளக்குப் பராமரிப்புக்கு மாத்தப்பட்டது."

சத்தம் நின்றுவிட்டது.

யாரும் யாரையும் பார்க்கவில்லை. இருளாயி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். பிரதீபா மட்டும் என்னைப் பார்த்தாள். நான் பிளக்ஸையே பார்த்தேன். வெயில் கண்ணில் அடித்தது. விளக்கை உடைத்தவர்கள் யாரோ, எறிகிற ஒவ்வொரு கல்லும் மோட்டார் தலையில் விழுகிறது என்று அவர்களுக்கு யார் சொன்னார்கள்? சந்தில் சொன்னதைச் சபையில் சொல்லியிருந்தால் தெரிந்திருக்கும். நான் தெருவில் சொல்லியிருந்தாலும்தான்.

கதிரேசனுக்கு எங்கள் மௌனம் தெம்பாகிவிட்டது. எழுந்தான். "இதுக்கு ஒரே வழி கேமரா. கம்பத்துக்கு ஒண்ணு மாட்டிட்டா எவன் கல்லெடுக்குறான்னு தெரிஞ்சிரும். தீர்மானத்துல சேத்துரு பால்சாமி."

நான் எழுந்தேன். "மருமகனே" என்று கூப்பிட்டேன். அவனை அப்படிக் கூப்பிட்டு எத்தனையோ வருடம் ஆகிறது. அவனே திடுக்கிட்டுப் போனான்.

"கேமரா எங்கிட்டுப் பாத்து இருக்கும்?"

"காட்டப் பாத்துத்தான் அத்தை. கல்லு அங்கிட்டிருந்துதான வருது."

"படம் எங்க தெரியும்?"

"ஆபீசுல டிவி வச்சிருவோம்."

"யாரு பாப்பாக?"

"நாந்தேன் பாப்பேன், வேற யாரு? ஒக்காந்து விடிய விடியப் பாத்தாவது..."

அங்கே நின்றது அவன் வாய்.

இருளாயி முந்தானையை வாயிலிருந்து எடுத்தாள். "நல்லாப் பாருங்க சாமி. வெள்ளன நாலு மணிக்கெல்லாம் டிவி முன்னால ஒக்காந்துருங்க. நான் மூணாவது கம்பத்துக்கிட்ட வருவேன். எம் மருமக அஞ்சாவது. மொகத்த இங்கிட்டுத் திருப்பணுமா, அங்கிட்டுத் திருப்பணுமா, அதையும் சொல்லிருங்க."

பின்னால் பெண்கள் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். "எங்களையும் பாருங்க", "எம் மகளப் பாருங்க" என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். ஒருத்தி செருப்பைக் கழற்றினாள். விளக்குத் திறப்பில் விசிலடித்தவன் மெதுவாகப் பந்தலை விட்டு நழுவினான். ஆபீசர் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார், அது அடிக்கவே இல்லை.

"பால்சாமியண்ணே, மைக்க இங்கிட்டுக் குடுங்க."

தமயந்தி. அவள் குரலை மைக்கில் கேட்பது இதுதான் முதல் தடவை.

"கேமரா கெடையாது. காட்டுப் பாதையில இனிமே வெளக்கு மாத்த வேணாம். அதுக்குப் போற காசு மோட்டாருக்கு. வளாகத்தக் கழுவ ஒரு ஆளு, மாசச் சம்பளம். எழுதுங்க."

"ஏய், வீட்டுல போயிப் பேசுவோம்" என்றான் கதிரேசன்.

"வீட்டுப் பேச்ச வீட்டுல பேசுவோம். இது சபை. கையெழுத்து என்னுது. எழுதுங்கண்ணே."

பால்சாமி அவனைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், ஆபீசரைப் பார்த்தான். ஆபீசர் தலையை ஆட்டினார். பால்சாமி எழுதினான். நாங்கள் எல்லோரும் வரிசையில் நின்று கையெழுத்துப் போட்டோம். நான் என் பெயரை முழுதாக எழுதினேன், குருவம்மாள் என்று, ஒரு எழுத்தும் விடாமல்.

கலைந்து போகும்போது தமயந்தி பக்கத்தில் வந்தாள். "ஒடைஞ்ச வெளக்குக் காசுக்கு ஒரு மோட்டார் வாங்கியிருக்கலாம் அத்தை" என்றாள்.

"எனக்கென்னத்தா தெரியும்."

"ஒங்களுக்கு ஒண்ணும் தெரியாது. அன்னைக்கு சுவிட்சு போட்டப்ப முள்ளுக்குள்ள எந்திரிச்சு நின்னவுக நாலு பேரும் யாருன்னு எனக்கும் தெரியாது."

சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அவளை நல்லவள் என்று எழுத மாட்டேன். இதைச் சொல்ல இத்தனை நாள் நாற்காலியைத் தேய்த்தவள்.

மே 12, வெள்ளி

மோட்டார் இறக்கினார்கள். புதுசு. தொட்டுப் பார்த்தேன்.

மே 19, வெள்ளி

ஜெயக்கொடி வந்துவிட்டாள். வந்ததும் பிள்ளையின் துணியைப் பையில் அடுக்க ஆரம்பித்தாள். "நாளைக்கு வளாகம் தொறக்குறாக, பாத்துட்டுப் போ" என்றேன். "எத்தன நாளைக்கு ஓடும் அத்தை?" என்றாள். துணியை நானும் பிடித்து மடித்துக் கொடுத்தேன்.

மே 20, சனி

வளாகத்துக்கு வெள்ளை அடித்திருந்தார்கள். தமயந்தி பெயர் சுவரில் பெரிசாக. வாசலில் ரிப்பன். தாம்பாளத்தில் கத்தரிக்கோல் இருந்தது. அதைக் கதிரேசன்தான் எடுத்தான். தமயந்தி ஓரமாக ஒதுங்கி நின்றாள். ஒரு தடவை பேசினதோடு மறுபடி ஊமையாகிவிட்டாளோ என்று எனக்கு எரிந்தது. போய் வாசலில் குறுக்கே நின்றேன்.

"பொம்பளைக எடத்துல ஆம்பளைக்கு என்ன வேலை?"

"ரிப்பன வெட்டிட்டுப் போயிர்றேன் அத்தை. போட்டோக்காரன் நிக்கிறான்."

"போர்டுல என்னா எழுதியிருக்கு, படி."

அவன் படிக்கவில்லை. இருளாயி எழுத்துத் தெரியாதவள், அவள் சத்தமாகப் படித்தாள்: "மகளிர் மட்டும்!"

தமயந்தி ரிப்பனைத் தூக்கிப் பிடித்தாள். "நீ போ" என்று பிரதீபாவைப் பார்த்துச் சொன்னாள். பிரதீபா குனிந்து உள்ளே போனாள். தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது. பிறகு தண்ணீர்ச் சத்தம். வெகுநேரம் கேட்டது. வெளியே இத்தனை பேர் காத்து நிற்கிறோம், அவளுக்கு ஒரு அவசரமும் இல்லை.

ஜெயக்கொடி என் பக்கத்தில் நின்று அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். "பத்தாவது முடியட்டும் அத்தை" என்றாள். மூக்கைச் சிந்திப் போட்டேன்.

கதிரேசன் இன்னும் கையில் கத்தரிக்கோலோடு வெயிலில் நின்றான். போட்டோக்காரன், "அண்ணே, எப்ப வெட்டுறது?" என்று கேட்டான்.

நிற்கட்டும்.